எட்டயபுரத்து வயலினும் எங்கள் கிதாரும்

தூத்துக்குடியில் எஃகுக் கம்பி எதுவும் நெடுநாள் பளபளப்பாக இருப்பதில்லை. கிழக்கே கடல், வடக்கிலும் தெற்கிலும் உப்பளங்கள். சைக்கிளின் போக்ஸ் கம்பி, ஜன்னல் கம்பி, துணி காயும் கொடிக்கம்பி என்று எல்லாவற்றையும் காற்று மெல்ல மெல்லத் தின்றுவிடும். 2003ஆம் ஆண்டு நாங்கள் மூன்று நண்பர்கள் பணம் சேர்த்து வாங்கிய எலெக்ட்ரிக் கிதாரின் ஆறு கம்பிகளும் இரண்டு மாதத்திற்குள் பழுப்பேறிவிட்டன. அதற்குள் நாங்களும் ஏறக்குறைய அந்த நிலைக்கு வந்திருந்தோம்.

எங்களுக்குக் கற்றுத்தர ஆள் இல்லை. கடற்கரை ஊர்களின் தேவாலயப் பாடகர் குழுக்களில் கிதார் வாசிப்பவர்கள் உண்டு. கல்யாண வீட்டு மெல்லிசைக் குழுக்களில் உண்டு. ஆனால் கேட்டுப் போய் நிற்கக் கூச்சம். ப்ரௌசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்து, கோடு போட்டு எண் எழுதிய தாள்களை அச்செடுத்து வந்தோம். ஆறு கோடுகள் ஆறு கம்பிகள். எண்கள் விரல் வைக்கவேண்டிய கட்டங்கள். இதைவிட எளிய கல்விமுறை உலகில் இருக்கமுடியாது என்றே நினைத்தோம். ஆம்ப்ளிஃபையர் வாங்கப் பணம் மிஞ்சவில்லை. டேப் ரெக்கார்டரின் மைக் துளையில் கம்பியைச் செருகி, இரைச்சலோடு இரைச்சலாக வாசித்தோம்.

எடுத்த எடுப்பில் நாங்கள் வாசிக்க விரும்பியது, 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாடலுக்கு வரும் கிதார் இழை. தமிழ்நாட்டில் கிதாரைத் தொட்ட எவரும் அந்தப் பாடலைக் கடந்து வந்திருக்க முடியாது. அது அக்குஸ்டிக் கிதாருக்காக அமைக்கப்பட்ட இசை என்பதோ, அதை வாசித்த சந்திரசேகர் பல்லாண்டு அனுபவம் உள்ள ஸ்டூடியோக் கலைஞர் என்பதோ எங்கள் மண்டையில் ஏறவில்லை. மூன்று மாதம் முயன்றோம். விரல்நுனி முதலில் சிவந்து, பிறகு கொப்பளித்து, பிறகு காய்த்தது. ஆட்காட்டி விரலைக் கிடையாகப் படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் ஒருசேர அழுத்தவேண்டிய எஃப் கார்டு மட்டும் கடைசிவரை வரவில்லை. அழுத்தினால் இரண்டு கம்பி பேசும், மீதி நான்கும் தகரம் போல ஒலிக்கும்.

மூவரில் ஒருவன் ஐந்தாம் மாதம் விலகிக்கொண்டான். “நமக்கு இதெல்லாம் கைவராதுடே, அதுக்குன்னு பொறந்திருக்கணும்” என்றான். நாங்கள் மறுத்துப் பேசவில்லை. எங்களுக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். குருமுகமாக வராத இசை இசையே அல்ல என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சுயமாகக் கற்பது பற்றிப் பேச்செடுத்தால் நம் ஊரில் உடனே ஏகலைவன் வந்துவிடுவான்; வந்து, கட்டைவிரலையும் கொடுத்துவிட்டுப் போவான்.

இந்த நம்பிக்கை எவ்வளவு உண்மை என்று பார்க்கும் ஆவல் எங்களுக்கு மிகப் பிந்தித்தான் வந்தது. இக்கட்டுரை அந்தத் தேடலின் பயன். தேடல் எங்களை வெகுதூரம் கொண்டுபோகவில்லை. இதே மாவட்டத்தில், சுமார் ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் எட்டயபுரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

*

அதற்கு முன் எலெக்ட்ரிக் கிதாரின் பிறப்பைச் சற்றுப் பார்த்துவிடலாம். குருவில்லாமல் பிறந்த வாத்தியம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்லவேண்டும்.

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடனக் குழுக்களின் அளவு பெருகியது. ஊதுகுழல்களின் நடுவே கிதாரின் ஒலி எடுபடவில்லை. ஜார்ஜ் போஷாம்ப் என்ற ஹவாயன் கிதார்க் கலைஞர் 1931இல் ஒரு வழி கண்டார். காந்தத்தின் அருகே செப்புக் கம்பிச் சுருளை வைத்து, அதற்கு மேலாக எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டினால், கம்பி அதிரும்போது காந்தப் புலம் கலங்கும்; சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கும்; அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பலாம். ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் வழியாக விற்பனைக்கு வந்த அந்த முதல் வாத்தியம், பார்ப்பதற்கு வாணலி போல இருந்ததால் ‘பொரிச்சட்டி’ என்றே பெயர் பெற்றது. மடியில் கிடத்தி உலோகத் துண்டால் வழித்து வாசிக்கும் வகை அது.

இன்று நாம் காணும் கட்டை உடல் கிதாரைப் பெருமளவில் செய்து விற்றவர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டர். 1950இல் அவர் வெளியிட்ட கிதார்தான் பின்னர் டெலிகாஸ்டர் என்று பெயர் மாறியது. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. இவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. கடைசிவரை கற்கவும் இல்லை. தன் பட்டறைக்கு வரும் கலைஞர்களின் கையில் கொடுத்து, அவர்கள் முகம் சுளிக்கும் இடத்தைக் கவனித்துத் திருத்துவார். எஃப் கார்டு வராத எங்களுக்கு இச்செய்தி தந்த ஆறுதல் கொஞ்சநஞ்சமல்ல.

வாத்தியம் புதியது என்பதால் அதற்கு வாத்தியாரும் இல்லை. 1957இல் இங்கிலாந்தின் பெர்ட் வீடன் எழுதிய ‘ஒரே நாளில் வாசிக்கலாம்’ என்ற பொருள்படும் தலைப்புக்கொண்ட மெல்லிய பாடப் புத்தகம் ஒரு தலைமுறைக்கே ஆசானாயிற்று. எரிக் கிளாப்டனும் பால் மெக்கார்ட்னியும் அதைப் புரட்டியவர்கள்தாம். தலைப்பு பொய் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இனிமையான பொய். அமெரிக்காவின் ஜிமி ஹென்றிக்ஸுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. இடக்கைக்காரரான அவர் வலக்கைக் கிதாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்தார். பர்மிங்காம் ஆலை ஒன்றில் வேலை பார்த்த டோனி அயோமி பதினேழு வயதில் இயந்திரத்தில் சிக்கி வலக்கை விரல்நுனிகள் இரண்டை இழந்தார். அவர் இடக்கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்தவேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய கம்பிகளைப் பூட்டி, சுருதியை இறக்கிக் கட்டினார். அந்தக் குறையிலிருந்தே ‘பிளாக் சாபத்’ குழுவின் கனத்த நாதம் பிறந்தது.

இந்தக் கதைகளைத் தனிமனித வெற்றிகளாகவே சொல்வது வழக்கம். ஆனால் ஒரு சிறு செய்தி அதைக் கலைத்துவிடுகிறது. லிவர்பூலும் எங்கள் ஊரைப் போல ஒரு துறைமுகம். அங்கே பள்ளிப் பையன்களாக இருந்த நாளில், ஊரின் மறுகோடியில் ஒருவருக்கு பி7 என்ற கார்டு தெரியும் என்று கேள்விப்பட்டு, பேருந்து ஏறிப்போய் அதைக் கற்றுத் திரும்பியதாகப் பீட்டில்ஸ் கலைஞர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஒரேயொரு கார்டுக்காக ஒரு பயணம்! பள்ளிக்கூடம் இல்லை, குருகுலம் இல்லை. ஆனால் கேட்டுப் போய் நிற்க அவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை. நாங்கள் தவறிய முதல் இடம் அதுவோ என்று தோன்றுகிறது.

*

எட்டயபுரம் என்றால் பெரும்பாலோர்க்குப் பாரதி நினைவுக்கு வருவார். கட்டபொம்மன் கதையை ஒட்டி வேறொரு பெயரும் நினைவுக்கு வரும். ஆனால் தென்னக இசையின் வரலாற்றில் அந்தச் சிறிய சமஸ்தானத்திற்கு உள்ள இடம் போதிய அளவு பேசப்படுவதில்லை. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் தீபாவளி நாளன்று மறைந்தது எட்டயபுரத்தில்தான். அவர் அங்கே வந்ததற்குக் காரணம், தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அங்கே அரசவை வித்வானாக இருந்தது.

பாலுசுவாமி 1786இல் பிறந்தவர். தந்தை ராமசுவாமி தீட்சிதரோடு குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் முதலியார்களின் ஆதரவில் வாழ்ந்த காலம் அவருக்கு இளமைப் பருவம். ஜார்ஜ் கோட்டையின் ஆங்கிலேயப் பேண்டு வாத்தியம் குடும்பத்தார் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அண்ணன் முத்துசுவாமி அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார், அவைதாம் நோட்டுஸ்வரங்கள். தம்பியின் மனமோ வயலினில் விழுந்தது. மணலி முதலியாரின் உதவியுடன் ஓர் ஐரோப்பியரிடம் மூன்று ஆண்டுகள் அதைக் கற்றார்.

அந்த ஐரோப்பியர் கற்றுத்தந்தது என்ன? வில்லைப் பிடிக்கும் முறை, விரல் வைக்கும் இடம், மேற்கத்திய மெட்டுகள். தோடியின் காந்தாரத்தை எப்படி அசைப்பது என்று அவர் சொல்லித்தந்திருக்க வழியில்லை. அதை அவர் கேட்டிருக்கவே மாட்டார். பாலுசுவாமிக்கு அந்தக் காந்தாரம் தெரியும். தந்தையிடமும் வீட்டிலும் பாட்டாகவும் வீணையாகவும் கேட்டு வளர்ந்தவர். ஆக, வாத்தியம் அறிந்தவருக்கு இசை தெரியாது. இசை அறிந்தவருக்கு வாத்தியம் தெரியாது. இரண்டுக்கும் நடுவே இருந்த பள்ளத்தை அவர் தாமாகவே நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. கர்நாடக வயலினுக்கு அவர்க்கு முன்னால் ஆசிரியர் என்று ஒருவர் இல்லை. இன்று உலகம் முழுதும் வாசிக்கப்படும் ஒரு மரபின் தொடக்கத்தில், இடித்துக் கேட்க ஆளில்லாத ஒரு தொடக்கநிலை மாணவர் நிற்கிறார்.

அடுத்தடுத்து வந்தவர்கள் செய்த மாற்றங்கள் எளியவை போலத் தோன்றும். மேற்கத்திய முறையில் வயலின் தோளுக்கும் தாடைக்கும் இடையில் நிற்கும். இடக்கை ஓரளவு அதைத் தாங்கவும் வேண்டும். நம்மவர்கள் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, வாத்தியத்தின் தலையைக் கணுக்காலில் ஊன்றினார்கள். மறுமுனை நெஞ்சில் பதிந்தது. இடக்கைக்குத் தாங்கும் வேலை நீங்கியது. கம்பியின் நீளம் முழுவதும் வழுக்கி ஓடும் உரிமை அதற்குக் கிடைத்தது. ஐந்தாம் சுரங்களாக ஏறிச் செல்லும் ஐரோப்பியச் சுருதி விலகி, சட்ஜமும் பஞ்சமமும் மாறி மாறி வரும் சுருதி வந்தது. வயலினில் கட்டங்கள் இல்லாதது பெருந்துணை. சுரத்திற்கும் சுரத்திற்கும் இடையே உள்ள வெளி அங்கே அடைபடாமல் இருந்தது.

தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா தந்த வயலின் பரிசு, ஒரு தலைமுறைக்குள் அந்நிய வாத்தியம் அரசவையின் மதிப்பைப் பெற்றதற்குச் சான்று. வடிவேலு முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர் என்பதும் கவனிக்கத் தக்கது.

பாலுசுவாமி 1859இல் மறைந்தார். அவருடைய மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர் (1839-1906) எட்டயபுரத்திலேயே வளர்ந்து அங்கேயே அரசவை வித்வான் ஆனார். பாலுசுவாமி வயலின் கற்ற செய்தியே சுப்பராமர் எழுதிவைத்ததால்தான் நமக்குக் கிடைக்கிறது.

அந்தச் சுப்பராமர் செய்த ஒரு காரியம் எங்களைப் போன்றவர்களோடு நேராகத் தொடர்புடையது. 1904இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில், சமஸ்தானத்தின் ஆதரவுடன், ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெருநூல் தெலுங்கு எழுத்தில் அச்சாயிற்று. தென்னிந்திய இசையை ஐரோப்பியக் குறியீட்டில் பதிப்பித்துவந்த சின்னசாமி முதலியாரின் தூண்டுதல் அதற்குப் பின்னால் இருந்தது. கீர்த்தனைகளைச் சுரப்படுத்தி அச்சிடுவது அப்போதே புதிதல்ல. சுப்பராமர் ஒரு படி மேலே போனார். கம்பிதம், நொக்கு, ரவை, ஸ்புரிதம், ஜாரு என்று ஒவ்வொரு கமகத்திற்கும் தனிக் குறியீடு வகுத்து, எந்தச் சுரத்தின் தலையில் எது வரவேண்டும் என்று அச்செழுத்திலேயே காட்டினார். குடும்பத்திற்குள், குரல் வழியாக, கை வழியாக மட்டுமே கடந்து வந்த ஒன்றை, பெயர் தெரியாத ஒரு வாசகனுக்குத் தாளில் வைத்துக் கொடுத்தார்.

நாங்கள் ப்ரௌசிங் சென்டரில் அச்செடுத்த தாள்களுக்கும் இந்த நூலுக்கும் வேறுபாடு மலையளவு. எங்கள் தாள் ‘மூன்றாம் கட்டத்தில் விரல் வை’ என்று சொல்லும். அங்கே என்ன கேட்கவேண்டும் என்று சொல்லாது. சுப்பராமரின் குறியீடு, ஒலி எப்படி வளையவேண்டும் என்று சொல்லும். விரலை எங்கே வைப்பது என்பது உன் பாடு.

இருந்தாலும் அந்த நூலை வைத்துக்கொண்டு ஒருவர் தனியே இசை கற்றுவிட முடியுமா? ஏற்கெனவே பாட்டைக் கேட்ட காதுக்கே அந்தக் குறியீடுகள் பேசும். காது இல்லாதவனுக்கு அவை வெறும் கோடுகள்.

*

கேட்க வழியே இல்லாமல் போன ஒரு வாத்தியமும் நம்மிடம் உண்டு: யாழ். எங்கள் கடலுக்கு அக்கரையில், மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அறிவியல் பட்டதாரி. பின்னர் ராமகிருஷ்ண மடத்துத் துறவி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுக் காதையை அடிப்படையாகக் கொண்டு, கணக்கும் ஒலியியலும் துணையாக, மறைந்துபோன யாழின் அமைப்பையும் பண்களையும் மீட்டெடுக்க முயன்றார். பல்லாண்டு உழைப்பின் விளைவான ‘யாழ்நூல்’ 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

அவர் கணக்கிட்ட அதிர்வெண்கள் சரியா என்று அறிஞர்கள் வாதிடலாம். எங்களை நிறுத்திவைப்பது வேறொன்று. ஆசிரியர் இல்லை, மாணவர் இல்லை, வாத்தியமே இல்லை. எஞ்சியவை சில செய்யுள் வரிகளும் உரைகாரர்களின் விளக்கமும். அத்தனையும் இருந்தும், ஒரு யாழ் எப்படி ஒலித்தது என்று உறுதியாகச் சொல்ல இன்றுவரை எவராலும் முடியவில்லை. கைமாற்றிக் கொடுப்பவர் ஒரு தலைமுறையில் இல்லாமல் போனால் நேர்வது இதுதான். குருமரபின் மீது பெரியவர்களுக்கு இருக்கும் பிடிவாதத்தை நாங்கள் பரிகசித்ததுண்டு. யாழை நினைத்தால் அந்தப் பரிகாசம் நிற்பதில்லை.

*

மின்சாரம் நம் இசைக்குள் வந்த கதை 1970களின் இறுதியில் ஆந்திரத்தின் பாலகொல்லு ஊரிலிருந்து தொடங்குகிறது. 1969இல் பிறந்த ஸ்ரீநிவாஸ் என்ற சிறுவன் ஆறு வயதில் தந்தையின் மாண்டலினை எடுத்து மீட்டத் தொடங்கினான். தந்தை சத்தியநாராயணா தன் குருவான ருத்ரராஜு சுப்பராஜுவிடம் மகனை ஒப்படைத்தார். சுப்பராஜு செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது.

தெரியாது என்பதே அங்கே நன்மையாயிற்று. சுப்பராஜு பாடுவார்; சிறுவன் அதை மாண்டலினில் தேடிப்பிடிப்பான். இந்த விரலை இங்கே வை என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியாது. அவனுக்குக் கிடைத்தது பாட்டு மட்டுமே. வழியை அவனே கண்டுகொள்ளவேண்டும். மாண்டலினின் குறை, மீட்டிய மறுகணமே நாதம் இறந்துவிடுவது. நீண்ட கமகத்திற்கு அங்கே இடமில்லை. மேலும் அதன் கம்பிகள் இரட்டை இரட்டையாகக் கட்டப்பட்டவை. இரண்டையும் சேர்த்து வளைப்பது கடினம். ஸ்ரீநிவாஸ் நான்கு இரட்டைக் கம்பிகளுக்குப் பதிலாக ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டார். ஒற்றைக் கம்பி வளைந்தது. மின்பெருக்கம் நாதத்தை நீட்டிப் பிடித்தது. 1978இல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனை விழாவில் முதல் கச்சேரி. 1981இல் சென்னை மேடை. சபாக்களில் புருவம் உயர்ந்தது உண்மை. கேட்டபின் இறங்கியதும் உண்மை. 2014 செப்டம்பரில், நாற்பத்தைந்து வயதில் அவர் மறைந்தபோது, எலெக்ட்ரிக் மாண்டலின் கர்நாடக வாத்தியமா என்று கேட்க எவரும் இல்லை.

கிதாரும் அதே வாசலில் வந்து நின்றது. 1980களில் சுகுமார் பிரசாத் எலெக்ட்ரிக் கிதாரில் முழுக் கச்சேரிகள் செய்தார். அவருக்குப் பின் வந்த ஆர். பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர் என்பது துறைமுகத்துக்காரர்களான எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமரியிடம் கர்நாடக இசையும், பாஸ்டனின் பெர்க்லி கல்லூரியில் மேற்கத்திய இசையும் பயின்ற பிரசன்னா, 2006இல் ஹென்றிக்ஸுக்கு வணக்கமாக ஓர் இசைத்தொகுப்பே வெளியிட்டார். கிதார்க் கலைஞர் கற்றுக்கொண்டது வயலின் கலைஞரிடம்! பாலுசுவாமி தொடங்கிவைத்த வட்டம் இங்கே மறுபடி சுற்றுகிறது.

எதிர்த்திசையிலும் ஒருவர் வந்தார். இங்கிலாந்தின் ஜான் மெக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்று, ‘சக்தி’ குழுவுக்காகக் கட்டங்களுக்கு இடையே மரத்தைக் குடைந்த தனிக் கிதாரைச் செய்வித்துக்கொண்டார். காரணம் எளியது. கிதாரின் ஒவ்வொரு கட்டமும் முந்தைய சுரத்தைப்போல ஏறத்தாழ 1.0595 மடங்கு அதிர்வில் நிற்கும்படி நிரந்தரமாகப் பதிக்கப்பட்டது. பன்னிரண்டு சமப் பங்குகள்; இடைவெளியில் உள்ளவற்றுக்கு இடமில்லை. வீணையிலும் மெட்டுகள் உண்டு. ஆனால் அவை மெழுகில் உயர்ந்து நிற்பதால் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்தடுத்த சுரங்களை எட்டலாம். மரத்தைக் குடைந்ததும் கிதாரின் கம்பிக்கும் அந்த இடம் கிடைத்தது.

*

எங்கள் கதைக்குத் திரும்புகிறோம்.

கூச்சத்தை விட்டு நாங்கள் ஒருவரிடம் போய் நின்றது ஏழாம் மாதம். அதற்குள் மூன்றாவது நண்பன் இல்லை. அவர் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவர்; ஞாயிறுகளில் கோவில் பாடகர் குழுவில் கிதார். அண்ணாச்சி என்றே அழைப்போம். துருப்பிடித்த கம்பிகளைப் பார்த்து, “வாசிச்சு முடிஞ்சதும் துணியால தொடைக்கணும்லா, இது உப்புக்காத்து ஊரு” என்றார். பிறகு நாங்கள் மூன்று மாதம் மல்லாடிய பகுதியை வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். “சரி, கிதாரைக் கீழ வைங்க. இப்ப அதையே பாடுங்க” என்றார்.

பாட்டு வரிகளை எங்களால் பாட முடிந்தது. கிதார் இழையைப் பாட முடியவில்லை. நூறு முறை கேட்டிருந்தோம். ஆனால் எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி என்று எங்கள் வாய்க்குத் தெரியவில்லை.

“வாயில வராதது கையில எப்படிடே வரும்?” என்றார் அண்ணாச்சி.

அந்த ஒரு கேள்வியின் பொருள் எங்களுக்கு இருபது ஆண்டுகள் கழித்து, சுப்பராஜுவின் கதையைப் படித்தபோதுதான் முழுதாக விளங்கியது. எட்டயபுரத்து வயலினுக்கும் பாலகொல்லு மாண்டலினுக்கும் பொதுவானது, விரலுக்கு ஆசிரியர் இல்லை என்பது. காதுக்கு ஆசிரியர் இருந்தார். பாலுசுவாமிக்கு வீடு முழுதும் இசை. ஸ்ரீநிவாஸுக்கு எதிரே அமர்ந்து பாடும் ஒரு குரல். விரல் தானே வழி தேடிக்கொண்டது. நாங்களோ தலைகீழாகத் தொடங்கினோம். விரலுக்குத் தாளில் வழி வைத்திருந்தோம். போய்ச் சேரவேண்டிய ஊர் எது என்று காதுக்குச் சொல்லவில்லை.

இந்தக் கடற்கரையில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. சங்கு குளிப்பவர்கள் அதன் பின்னும் இறங்கினார்கள். கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்குபவரைத்தான் எல்லோரும் பேசுவார்கள். படகில் நின்று கயிற்றைப் பிடித்திருப்பவர் ஒருவர் உண்டு. அவர் மைத்துனராகவே இருக்கவேண்டும் என்று இங்கே சொல்வதுண்டு. தங்கையின் தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டார் என்று. மேலே இருப்பவர் முத்தெடுத்துத் தருவதில்லை. அவருக்கு நீந்தத் தெரியவேண்டும் என்றுகூட இல்லை. கயிறு அசைந்தால் உணரவேண்டும், அவ்வளவே. சுப்பராஜு மாண்டலின் அறியாமலே பிடித்திருந்தது அப்படிப்பட்ட கயிறுதான். லிவர்பூலில் பேருந்துக்கு அப்பால் பி7 தெரிந்திருந்தவரும் சற்றுநேரம் அதைப் பிடித்தவரே.

ஆகவே ‘குரு இல்லாமல் வராது’ என்பதும் சரியில்லை, ‘எல்லாம் தானாகவே வரும்’ என்பதும் சரியில்லை. விரல்நுனி காய்க்க ஏறக்குறைய ஒரு மாதம். எஃப் கார்டு பேசப் பல மாதம். இதில் பிறவி வரம் எதுவும் இல்லை. கட்டைவிரல் கழுத்தின் பின்னே எங்கே நிற்கிறது, ஆட்காட்டி விரல் சற்றே சாய்ந்து எலும்பின் ஓரத்தால் அழுத்துகிறதா, கம்பி கட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பவைதாம் காரணங்கள். எங்கள் கிதாரில் கம்பிகள் தேவைக்கு மேல் உயரத்தில் இருந்தன. அண்ணாச்சி சிறு சாவி ஒன்றைப் போட்டுத் திருகி ஐந்து நிமிடத்தில் இறக்கிக் கொடுத்தார். எஃப் கார்டின் ஆறு கம்பிகளில் ஐந்து அன்றே பேசின.

சென்ற ஆண்டு எட்டயபுரம் போயிருந்தோம். முத்துசுவாமி தீட்சிதர் நினைவிடத்தில் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். தம்பியின் வயலினுக்கு அங்கே தனி நினைவு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. வரும் வழியில், பேருந்தில், ‘இளைய நிலா’வின் கிதார் இழையை வாய்க்குள் முனகிப் பார்த்தோம். இப்போது பிசகாமல் வருகிறது. கையில் முக்கால்வாசி வருகிறது.

விலகிப்போன நண்பன் இன்று வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் இருக்கிறான். அதற்குன்னு பொறந்திருக்கணும் என்று அவன் சொன்ன அன்று நாங்கள் பேசாமல் இருந்துவிட்டோம். அவன் விரல் நீளம் எங்கள் இருவரையும் விட அதிகம். கம்பி மட்டும் உயரத்தில் இருந்தது. அன்று சொல்லியிருக்க வேண்டியதை, தெரிந்துகொண்ட பிறகு, இங்கே எழுதிவைக்கிறோம்.